லெட்டர் இல்லாதவுக

— நீங்களே சொல்லுங்க, தான் பெத்து வளத்த சபையில ஒரு பொம்பளை பேரைச் சிவப்பு மையில அடிச்சா, அதைக் கண்ணால பாத்துட்டு வந்து சோறு திங்க முடியுமா?

— யாரு பேரை அடிச்சாக? நான் கேட்டது ஒண்ணு, நீ சொல்றது ஒண்ணு. மூணு நாளா உன் மாமியா ஏலக்காய் பொறுக்க வரலையேன்னுதான கேட்டேன்.

— அவுக பேரைத்தான் சாஜிதாக்கா சொல்றேன். எங்க அத்தை பேரைத்தான். குடும்பம் நம்பர் ஒண்ணு, ஜக்கம்மா. ரிஜிஸ்டர்ல மொதப் பேரே அதான். ஞாயித்துக்கெழமை ஆராதனை முடிஞ்ச கையோட ஸ்கேலை வச்சு நேரா ஒரு கோடு இழுத்துட்டாக. கோணல் இல்லை. அதுல மட்டும் ஒழுங்கு.

— அட ரப்பே. செத்த இரு மகிமா, இப்பத்தான் எனக்கு வெளங்குது. முந்தாநாள் உங்க செயலாளரு சங்கரலிங்கம் எங்க வீட்டு ஆளைப் பாக்க வந்தாரு. எங்க கோடவுன்ல உங்க சபை நடக்குற இந்த மேக்கால பாதிக்கு ஜக்கம்மா பேருலதான அக்ரிமெண்ட் இருக்கு, அதைக் கமிட்டி பேருக்கு மாத்தணும்னாரு. அம்மாவுக்கு வயசாயிருச்சு, ஓய்வா இருக்க ஆசைப்படுறாகன்னாரு. எங்க ஆளு, அந்தம்மா வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும்னு அனுப்பிட்டாக. அதான் உன்னைக் கேட்டேன்.

— ஓய்வா. அப்படியா சொன்னாரு அந்த மனுசன். அவரு மலையில இருந்து எறங்குனப்ப அவரு மூட்டையைத் தலையில சொமந்தது எங்க அத்தைக்கா. மேகமலைத் தேயிலை எஸ்டேட்ல ஆளைக் குறைச்சு லயன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னப்ப, பதினோரு குடும்பம் ஒரே லாரியில எறங்குனோம். எனக்குப் பதினாலு வயசு. எந்தங்கச்சி திரிஷா என் மடியில வாந்தி எடுத்துக்கிட்டே வந்தா. சங்கரலிங்கம் ஜுரத்துல கெடந்தாரு. சின்னமனூர் வர்ற வரைக்கும் அத்தைதான் அவரு நெத்தியில ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டாக.

— அப்ப ஜக்கம்மா உனக்கு மாமியா இல்லையே.

— பக்கத்து லயன். அவுக மகன் நாகராஜைக் கட்டுனது பொறவு. அந்தக் காலத்துலயே எனக்கு அத்தைதான். கையில இருக்கிற காயைப் பாருங்கக்கா, வெடிச்சதை நல்லதுல போடுறீக.

— நீ பேசுற பேச்சுல எனக்கு நல்லது கெட்டது தெரியலை. சொல்லு.

— எறங்கி வந்து இங்கன பழனிசெட்டிபட்டியில தகரக் கொட்டகை போட்டோம். மொத ஞாயித்துக்கெழமை, இருக்கிறதுல நல்ல சேலையைக் கட்டிக்கிட்டு டவுன்ல இருக்கிற பெரிய சர்ச்சுக்குப் போனோம். வாங்கன்னாக, உக்காருங்கன்னாக. நாங்களும் பின்னாடி போயி உக்காந்தோம். அது திருவிருந்து ஞாயிறு. அப்பமும் திராட்சை ரசமும் குடுப்பாக, வரிசையில போயி முட்டி போட்டு வாங்கணும். அத்தை எந்திரிச்சுப் போனாக. ஒரு பெரியவரு குறுக்க கையை நீட்டி, லெட்டர் இருக்காம்மான்னு கேட்டாரு.

— என்ன லெட்டரு?

— ஒரு சபையை விட்டு இன்னொரு சபைக்குப் போனா, இவுக எங்க ஆளுதான், ஞானஸ்நானம் வாங்குனவுக, திருவிருந்துல சேத்துக்கங்கன்னு பழைய சபை எழுதிக் குடுக்கணும். அது இல்லைன்னா பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம், அப்பத்துல கை வைக்கக் கூடாது.

— எங்களுக்கும் உண்டு. நிக்காஹ்க்கு ஜமாத்து லெட்டர் இல்லாம முடியாது. ஆனா தொழுகையில நிக்குறதுக்கு எவனும் லெட்டர் கேக்க மாட்டான், தோளோட தோளு ஒட்டி நிக்கணும். பொம்பளை எங்கள எங்கன நிக்க விடுறாகங்கிறது வேற கதை, அதை இப்ப எடுத்தா உன் கதை நின்டு போயிரும்.

— அத்தை சும்மா இருக்கிற ஆளா. மறு வாரமே சின்னமனூர் போயி ஜீப்பைப் புடிச்சு, அந்த ரோட்டுல குலுங்கிக் குலுங்கி மலைக்குப் போனாக. எங்க சபை இருந்த கொட்டகையில உர மூட்டை அடுக்கிக் கெடந்துச்சாம். போதகரு எப்பவோ செத்துப் போனாரு. அத்தை நேரா எஸ்டேட் ஆபீசுக்குப் போயி, எனக்கு ஒரு லெட்டர் வேணும்னு நின்டாக. அங்கன இருந்த கிளார்க்கு நல்ல மனுசன் போல. நீங்க கொழுந்து பறிச்சதுக்கு நான் லெட்டர் தரலாம், சாமி கும்பிட்டதுக்கு நான் எப்படிம்மா தர்றதுன்னு சொல்லி, இருபத்து மூணு வருசம் வேலை பாத்தாக, நடத்தை திருப்தின்னு சீல் குத்திக் குடுத்தாரு. அத்தைக்குப் படிக்கத் தெரியாதுல்ல. சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு, லெட்டருதானன்னு மடிச்சு ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டு வந்தாக.

— கொண்டு போயி அங்கன குடுத்தாகளாக்கும்.

— குடுத்தாக. அந்தப் பெரியவரு வாசிச்சாரு. பக்கத்துல இருந்தவரும் வாசிச்சாரு. இது தேயிலைக் கம்பெனிக்காரன் குடுத்ததும்மா, பரலோகத்துக்குச் செல்லாதுன்னு சொல்லி சிரிச்சாக. சத்தமாக்கூட இல்லைக்கா, வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சாக. அத்தை அந்தத் தாளை வாங்கி மடிச்சாக. ரெண்டு வருசம், மாசா மாசம் திருவிருந்து ஞாயிறு வந்தா நாங்க பதினோரு குடும்பமும் பின்னாடி குனிஞ்சு உக்காந்திருப்போம். பந்தியில எலை போடாம உக்கார வச்ச மாதிரி. சங்கரலிங்கம் பொண்டாட்டி ஒரு நாள் அழுதுட்டாக.

— இம்புட்டு நாள் ஒரே கோடவுன்ல உக்காந்து காய் பொறுக்குறோம், ஜக்கம்மா இதை ஒரு வார்த்தை சொன்னதில்லை புள்ள.

— அவுக சொல்ல மாட்டாக. செய்வாக. அன்னைக்கு அழுத பொண்டாட்டியைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்து, அடுத்த மாசம் ஆரும் இங்கன வர வேணாம், என் வீட்டுக்கு வாங்கன்னாக. சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தலுக்கு வெட்டுக்கு வேன்ல போவாக அப்ப. கொலையில இருந்து உதுந்த பன்னீர் திராட்சையைத் தோட்டக்காரரைக் கேட்டு முந்தியில கட்டிக்கிட்டு வந்து, அவுக கையாலயே புழிஞ்சு வடிகட்டுனாக. டீக்கடை பன்னு. தகரக் கூரை. நாகராஜ் ஆறாப்பு வரைக்கும் படிச்ச ஆளு, எழுத்துக் கூட்டிக் கூட்டி வசனம் வாசிச்சாரு. போதகரு இல்லை, கமிட்டி இல்லை. அத்தை தட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் வந்து, இந்தா உன் பங்குன்னாக. அம்புட்டுத்தான் பிரசங்கம். அன்னைக்குத்தான்க்கா எங்க சபை பொறந்துச்சு.

— அந்தத் தகரம் காத்துல பறந்தப்பத்தான எங்க ஆளு இந்தப் பாதியைக் குடுத்தாக. ஏலக்காய் வாசனையில உங்க சாமிக்குத் தும்மல் வருமேன்னு கேட்டேன். உன் மாமியா, எங்க சாமி மலைச்சாமிதான், பழக்கந்தான்னு சொன்னாக. அந்த வாய்க்காகவே குடுக்கலாம்.

— கோடவுன் வந்த பொறவு கூட்டம் சேந்துச்சு. மலையில இருந்து எறங்குன ஆளுக, மில்லுக்கு வேலை தேடி வந்த ஆளுக, புருசன் கேரளாவுக்குப் போயி தனியா கெடந்த பொம்பளைக, எல்லாத்தையும் அத்தை கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்தாக. பதினோரு குடும்பம் அறுபது ஆச்சு, நூத்திச் சொச்சம் ஆச்சு. மைக்கு வந்துச்சு, சேர் வந்துச்சு, பாஸ்டர் வந்தாரு. பாஸ்டர் நல்ல பிள்ளைதான். ஆனா சங்கரலிங்கம் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டாரு. ஒரு பெரிய சபையோட நம்மளச் சேத்துக்கிறதாச் சொல்லியிருக்காக, அதுக்கு ரிஜிஸ்டர் சுத்தமா இருக்கணும், கண்டவுகளை உள்ள விட்டா நாளைக்குப் போலீஸ்காரன் வந்து மதம் மாத்துறீகளான்னு கேப்பான், இப்படி ஒண்ணொண்ணாச் சொல்லி ஒரு சட்டம் போட்டாரு. புதுசா வர்றவுகள்ல பழைய சபை லெட்டர் இல்லாதவுகளுக்குத் திருவிருந்து இல்லை.

— யாரு, அந்த அழுத பொண்டாட்டியோட புருசனா?

— அவருதான். போட்டப்ப யாருக்கும் ஒறைக்கலைக்கா. எல்லாருந்தான் உள்ள வந்துட்டோமே.

— ம். பஸ்ஸுல ஏறுற வரைக்கும் நில்லு நில்லுன்னு கத்துறவன், ஏறுன ஒடனே போலாம் ரைட்டுங்கிற மாதிரி.

— அப்பத்தான் அந்தப் பிள்ளைக வந்துச்சுக. நம்ம மில்லுல ஜார்க்கண்ட்ல இருந்து வந்து தங்கி வேலை பாக்குதுகள்ல, அதுல ஆறு பிள்ளைக. ஞாயித்துக்கெழமை சந்தையில தக்காளி பொறுக்கிக்கிட்டு நின்டுருக்குதுக. ஒருத்தி கழுத்துக் கயித்துல மரச் சிலுவை. அத்தை பாத்துட்டு, பாஷையா கீஷையா, கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாக. அவ பேரு புல்மணி. அத்தை அவளைப் பூமணின்னுதான் கூப்புடுவாக. அவளும் அதுக்குத்தான் திரும்புவா.

— தெரியும், தெரியும். செவப்பு ரிப்பன் வச்சிருக்குமே. ஒரு நாள் எனக்குக் கடுகுக்கீரை ஆஞ்சு குடுத்துச்சு. கையாலயே பேசும்.

— எட்டு மாசமா வர்றாளுக. வாசப்படி ஓரம், செருப்பு விடுற இடத்துல உக்காந்திருப்பாளுக. நம்ம பாட்டு தெரியாது, ராகத்தைப் புடிச்சுக்கிட்டு ஊம் கொட்டுவாளுக. திருவிருந்து வந்தா தலையைக் குனிஞ்சுக்குவாளுக. அத்தை அந்தப் பக்கம் பாக்கவே மாட்டாக. மூணு தடவை கமிட்டியில போயிக் கேட்டாக. மூணு தடவையும் சங்கரலிங்கம், லெட்டர் வரட்டும்னாரு. சரின்னு அந்தப் பிள்ளை ஊருக்குப் போன் போட்டு, அவுக ஊருப் பாஸ்டர் எழுதுன தாளைப் போன்லயே வரவழைச்சிருச்சு. அத்தை ஜெராக்ஸ் கடையில எடுத்துக் கொண்டாந்து நீட்டுனாக. பூராம் இந்தி. சங்கரலிங்கம் அதைத் தூக்கிப் புடிச்சு, இது சபை லெட்டரா, மாட்டு லோனுக்கு எழுதுன மனுவா, எவனுக்குத் தெரியும்னாரு. எல்லாரும் சிரிச்சாக.

— நீயும் அங்கன இருந்தியா?

— இருந்தேன்.

— சிரிச்சியா?

— சிரிப்பு வந்துருச்சுக்கா. மாட்டு லோனுன்னதும் வந்துருச்சு. அத்தை என்னைய மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு அந்தத் தாளை வாங்கி மடிச்சாக. அந்த மடிப்பைப் பாத்த பொறவுதான் வாயை மூடுனேன்.

— நம்ம கணேசன் பயகூட இந்தி வாசிப்பான், பட்டாளத்துல இருந்தவன். எதுத்த கடைதான. எந்திரிச்சுப் போயிக் கேட்டிருந்தா ஆச்சு.

— கேக்கணும்னு நெனைச்சாத்தானக்கா. ஞாயித்துக்கெழமை திருவிருந்து. வரிசை வரிசையா சமுக்காளத்துல முட்டி போட்டோம். அத்தை எப்பவும் மொத வரிசை. பாஸ்டர் அப்பத்தைக் கையில வச்சாரு. எல்லாரும் வாயில போட்டோம். அத்தை போடலை. எந்திரிச்சாக. முட்டி வலி அவுகளுக்கு, சேரைப் புடிச்சு எந்திரிச்சு, நடுவுல நடந்து வாசலுக்குப் போனாக. இத்தனூண்டு அப்பங்க்கா, நம்ம பெரிய காயி ஒண்ணு அளவு. அதைப் புட்டு ஆறு பிள்ளை கையிலயும் வச்சாக. நகத்துல ஒட்டியிருந்த தூளு இருக்கு பாருங்க, அதைத்தான் அவுக வாயில வச்சாக.

— யா அல்லா.

— பாட்டு நின்டு போச்சு. ஆர்மோனியம் மட்டும் கொஞ்ச நேரம் ஓடுச்சு. பூமணி அந்தத் துணுக்கை வச்சுக்கிட்டு திங்கவா வேணாமான்னு அத்தை மூஞ்சியையே பாக்குது. அத்தை, தின்னுன்னு தலையை ஆட்டுனாக. சங்கரலிங்கம் மைக்கைப் புடிச்சு, ஜக்கம்மா, கர்த்தரோட மேசையை அசிங்கப்படுத்திட்டீகன்னாரு. அத்தை அங்கன நின்டே, சத்தம் போடாம, ஆனா எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாக: எனக்குக் குடுத்ததை நான் பங்கு வச்சேன். உங்க பங்குல ஆரும் கை வைக்கலையே.

— இதுக்கு மேல என்ன பேச்சு. எங்க ஜமாத்துல இப்படி ஒருத்தி இருந்தா நான் தெனமும் போவேன்.

— பேச்சு இருந்துச்சுக்கா. ஆராதனை முடிஞ்சதும் யாரும் போகக் கூடாதுன்னு கதவைச் சாத்துனாக. அந்தப் பிள்ளைகளை முன்னாடியே அனுப்பிட்டாக. பாஸ்டர் குனிஞ்ச தலை நிமிரலை. சங்கரலிங்கம், இது தனி ஆளுக்கு எதிரா இல்லை, ஒழுங்குக்காகன்னு ஆரம்பிச்சு, அத்தை பேரை ரிஜிஸ்டர்ல இருந்து எடுக்க சம்மதமானவுக கையைத் தூக்குங்கன்னாரு. பதிமூணு வருசமா அத்தை கையால சோறு தின்ன ஆளுக. பிரசவத்துக்கு அத்தையைக் கூப்புட்ட ஆளுக. ஒண்ணொண்ணா கை மேல போகுது. லாரியில வந்த ஆளுகளும் இருக்காகக்கா அதுல. மூஞ்சி பாக்க முடியாம கையை மட்டும் தூக்குறாக. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுச்சு.

— நாகராஜ்? அவுக மகன்?

— ஒரு சேரைத் தூக்கி ஓரமா வீசிட்டு வெளிய போயிட்டாரு. அம்மா பேரு இல்லாத ரிஜிஸ்டர்ல எம்பேரு எதுக்குன்னு. அவரு பேரும் சேத்து அடிச்சாச்சு.

— சரி, எங்க ஆளுகிட்ட நான் பேசிக்கிறேன். அக்ரிமெண்டை மாத்த வேணாங்கிற, அதான?

— மாத்தக் கூடாதுக்கா. அத்தை பேருலயே இருக்கட்டும். சங்கரலிங்கம் எத்தனை தடவை வந்தாலும் உங்க வீட்டு ரபீக் அண்ணன் மசியக் கூடாது. அவரு இதுக்கு வருவாருன்னு தெரிஞ்சு, அதைக் கேக்கத்தான் இன்னைக்கு வந்தேன். இல்லைன்னா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்கன வந்து காய் பொறுக்குவேன்.

— நாயமான பேச்சுதான். ஆனா ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. இம்புட்டுக் கோவத்தையும் எங்கிட்ட வந்து கொட்டுறியே, அன்னைக்கு அங்கன எந்திரிச்சு ஒரு வார்த்தை சொன்னியா?

— திரிஷாவுக்கு இந்த மாசக் கடைசியில கல்யாணம்.

— தெரியும், உத்தமபாளையத்து மாப்பிள்ளை. பத்திரிகை வச்சியே. அதுக்கும் இதுக்கும் என்ன?

— மாப்பிள்ளை வீட்டுச் சபையில, பொண்ணு எந்தச் சபை, அங்கயிருந்து லெட்டர் வேணும்னுட்டாக. லெட்டர் இல்லைன்னா அங்கன இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம்னு ஓலை வாசிக்க மாட்டாக. மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாத்தான் கோயில்ல தாலி. அந்த ஞாயித்துக்கெழமை காலையில சங்கரலிங்கம் என்னையக் கூப்புட்டு, திரிஷா லெட்டர் ரெடியா இருக்கும்மா, ஆராதனை முடிஞ்சதும் வாங்கிக்கன்னாரு.

— அப்ப மிரட்டுனாரா?

— இல்லைக்கா. மிரட்டுனா நான் நாலு கேள்வி கேட்டிருப்பேன். சும்மா, அந்த லெட்டரை மடியில வச்சுக்கிட்டே கையை எண்ணுனாரு. முப்பத்தேழுன்னு சொல்லி நிறுத்திட்டு என்னையப் பாத்தாரு. அத்தையும் பாத்தாக.

— மகிமா.

— தோளுக்கு மேல போகலைக்கா கை. அதையும் எண்ணிக்கிட்டாரு.

— அடிப்பாவி. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு. அவுக என்ன சொன்னாக?

— வீட்டுக்கு வந்து எப்பவும் போல எனக்கும் சேத்துத்தான் உலை வச்சாக. கத்திரிக்காய் வெஞ்சனம். உப்புச் சரியா இருக்கான்னு கேட்டாக.

— மறுநாளு?

— மறுநாள் காலையில ஆறே கால் மில்லு வண்டியில ஏறி, அத்தை அந்தப் பிள்ளைக ஹாஸ்டலுக்குப் போயிட்டாக, இன்னும் வரலை. நான் ஏழு மணி பஸ்ஸைப் புடிச்சு உத்தமபாளையம் போயி லெட்டரைக் குடுத்துட்டு வந்தேன்.